கடல் கடந்து கற்ற பாடம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது சேரங்கோடு. பந்தலூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். திரும்பிய பக்கமெல்லாம் தேயிலை. மழைக்குப் பஞ்சமில்லை. யானை நடமாட்டத்துக்கும் பஞ்சமில்லை.

இந்த வட்டாரத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பலவற்றின் கதை, கடலுக்கு அப்பால் போய்த் திரும்பிய கதை. பாட்டன், பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போனார்கள். அங்கே காபித் தோட்டத்திலும், பிறகு தேயிலைத் தோட்டத்திலும் உழைத்தார்கள். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை வேண்டுமே! அதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது தனிக் கழகமாயிற்று. 'டான்டீ' என்று சொல்கிறோமே, அதுதான் அந்தக் கழகம். சேரங்கோட்டிலும் டான்டீ தோட்டம் உண்டு.

வந்தவர்கள் தகரப் பெட்டியோடு தங்கள் தெய்வங்களையும் கொண்டுவந்தார்கள். மாரியம்மன் திருவிழா வந்தது. ஞாயிறு ஆராதனையும் வந்தது.

அந்த ஆராதனை இலங்கை மலைகளுக்கு எப்படிப் போயிற்று? வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுபோனது என்று பலர் நினைக்கலாம். அது பாதிதான் உண்மை. தோட்டம் தோட்டமாக நடந்து அதைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்!

நடந்தே போன உபதேசியார்கள்

1854-ஆம் ஆண்டு இலங்கைக் காபித் தோட்டத் தமிழர்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. 'தமிழ்க் கூலி மிஷன்' என்று அந்தக் காலத்தில் அதற்குப் பெயர். கூலி என்ற சொல் இன்று காதுக்குக் கசக்கிறது. அன்று அதைச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

அந்த மிஷனுக்கு வேலை செய்யத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் கடல் தாண்டிப் போனார்கள். உபதேசியார் என்றால் பெரிய பட்டம் படித்த குருவானவர் அல்ல. வேதம் படித்துச் சொல்வார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். நோயாளியின் வீட்டுக்குப் போய் ஜெபம் செய்வார். ஏறக்குறைய நம்மைப் போன்ற ஒருவர்.

அவருக்குத் துரைமாருக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. தொழிலாளி பேசும் பேச்சு அவருடைய சொந்தப் பேச்சு. லயத்து வாசலில் உட்கார்ந்து, "எந்த ஊர் ஐயா நீங்க?" என்று கேட்க அவரால் முடிந்தது.

ஆகவே, சபையின் பெயரால் கடல் கடந்து போய்க் கற்றுக் கொடுப்பது தமிழனுக்குப் புதிய சங்கதி அல்ல.

பதினைந்து நாளில் தலைவர் ஆகலாமா?

இன்றைக்கு உலகத்தில் இந்தப் பயணம் வேறு உருவம் எடுத்திருக்கிறது. செல்வந்த நாடுகளின் சபைகளிலிருந்து சிறு குழுக்கள் விமானம் ஏறுகின்றன. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் போகின்றன. பத்து நாள், பதினைந்து நாள் தங்குகின்றன. சபை ஊழியர்களைக் கூட்டி 'தலைமைப் பயிற்சி' நடத்துகின்றன. பிறகு ஊர் திரும்புகின்றன.

(ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. நம் நாட்டுக்குச் சுற்றுலா விசாவில் வருகிற வெளிநாட்டவர் மதப் பிரசாரம் செய்யக்கூடாது. மிஷன் பணிக்கென்று தனி விசா இருக்கிறது.)

போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் போகிறார்கள். ஆனால் கேள்வி ஒன்று இருக்கிறது. மொழி தெரியாமல், வீட்டு நிலவரம் தெரியாமல், பதினைந்து நாளில் தலைமையைக் கற்றுக் கொடுக்க முடியுமா? அவர்கள் போன பிறகு அங்கே நிற்பது என்ன?

வருவதும் போவதும் எப்படி இருக்கும் என்பது நீலகிரிக்கு நன்றாகத் தெரியும். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே பந்தலூர், தேவாலாப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று ஒரே பரபரப்பு. லண்டனில் கம்பெனிகள் பல முளைத்தன. பங்குகள் விற்றுத் தீர்ந்தன. இயந்திரங்கள் மலை ஏறின. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. எதிர்பார்த்த தங்கம் இல்லை. வந்தவர்கள் போய்விட்டார்கள்.

இதே மலையில் வேறு விதமாக வந்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் மிஷன் 1846-இல் கேத்தியில் வேலை தொடங்கியது. அதன் ஊழியர்கள் படகர் ஹட்டிகளுக்கு நடந்தார்கள். படகர் மொழியைக் கற்றார்கள். அந்தச் சமூகத்தில் முதல் மனிதர் கிறிஸ்தவரானது 1858-இல்தான். பன்னிரண்டு வருஷம்! பதினைந்து நாள் எங்கே, பன்னிரண்டு வருஷம் எங்கே!

ஆனால் நீண்ட காலம் தங்கிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. தங்கியவர் நாற்காலியை விட்டு எழுந்து, உள்ளூர்க்காரரை உட்கார வைக்கவும் வேண்டும். அதுதான் கடினம்.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-இல். அந்த மிஷன் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1733-இல். 27 வருஷம் கழித்து! அதற்குப் பிறகு ஆங்கிலிக்கன் சபை ஓர் இந்தியரைப் பிஷப் ஆக்க இன்னும் 179 வருஷம் ஆயிற்று.

அந்த முதல் இந்தியப் பிஷப் யார்? அவரும் ஒரு தமிழர்தான். கடல் கடந்து போய் ஒரு பாடம் கற்றுத் திரும்பியவர். அவர் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வெள்ளாளன்விளைப் பையன்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் வெள்ளாளன்விளை என்று ஒரு கிராமம். பனைமரம் நிறைந்த தேரிக்காட்டுச் சீமை. அங்கே 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஒரு கிராமக் குருவானவர் வீட்டில் பிறந்தார் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

தந்தை தாமஸ் வேதநாயகம். தாய் எலன். பையனுக்குப் பதினைந்து வயதாகும்போது தந்தை காலமானார். அம்மாதான் கட்டுப்பாட்டோடு வளர்த்தார். மெய்ஞ்ஞானபுரத்தில் பள்ளிப்படிப்பு. பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

படிப்பை முடித்ததும் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் காரியதரிசி ஆனார். ஊர் ஊராகப் போய் வாலிபர்களைச் சந்திப்பது வேலை. அங்கே அவருக்கு ஓர் அமெரிக்க நண்பர் கிடைத்தார். பெயர் ஷெர்வுட் எட்டி. இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள். இருவரும் சமமாகப் பழகினார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரரும் இந்தியரும் அப்படிப் பழகுவது அபூர்வம்.

1898-இல் அசரியாவுக்குத் திருமணம். மணமகள் அன்பு மாரியம்மாள். கல்லூரி வரை படித்த பெண். அந்த நாளில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்! மாப்பிள்ளை வரதட்சிணை வாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு வெட்கம்

1902-இல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். கூட்டங்களில் பேசத்தான் போனார். அதாவது, கற்றுக் கொடுக்கப் போனார். ஆனால் கற்றுக்கொண்டு வந்தார்!

அங்கே என்ன கண்டார்? யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சபை சிறியது. ஆனாலும் அவர்கள் தங்கள் சொந்தக் காசைச் சேர்த்து, தங்கள் பிள்ளைகளையே ஊழியர்களாகக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே? எதிர்க்கரையில், நம் இராமநாதபுரம் சீமையில் இருக்கும் தொண்டிக்கு!

அசரியாவுக்குச் சுருக்கென்றது. திருநெல்வேலிச் சபை எவ்வளவு பெரியது! எத்தனை கோயில், எத்தனை பள்ளிக்கூடம்! ஆனால் எதற்கெடுத்தாலும் வெளிநாட்டு மிஷனின் கையை எதிர்பார்க்கிறோமே என்று எண்ணினார்.

வெட்கப்பட்டதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பி நண்பர்களைக் கூட்டினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் 'இந்திய மிஷனரி சங்கம்' பிறந்தது. அதன் கொள்கை மூன்று. ஆட்கள் இந்தியர். பணம் இந்தியப் பணம். நிர்வாகம் இந்தியர் கையில்.

இரண்டு வருஷம் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்தில் சீராம்பூரில் பல சபையினரும் கூடி 'தேசிய மிஷனரி சங்கம்' அமைத்தார்கள். அதற்கும் அசரியா ஒரு தூண்.

பணத்துக்கு எங்கே போனார்கள்? தென்னாட்டுச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. தாய்மார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் அதைச் சபைக்குக் கொடுப்பார்கள். கிராமத்துச் சபைகளின் பல காரியங்கள் இப்படிப்பட்ட சிறு காணிக்கையால் நடந்தவை.

முப்பத்தைந்து வயதில் மாணவன்

திருநெல்வேலிச் சங்கம் ஊழியர்களை அனுப்பிய இடம் தோர்ணக்கல். நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று தெலுங்கானா மாநிலம். தமிழ்நாட்டுக்காரனுக்கு அன்று அது கிட்டத்தட்ட வெளிநாடுதான். மொழி வேறு. சாப்பாடு வேறு. ராஜாங்கமும் வேறு.

மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு நாம் நாற்காலியில் இருப்பதா என்று அசரியாவின் மனசாட்சி கேட்டது. ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டார். 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துப் படித்தார். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

எடின்பரோவில் எழுந்த சலசலப்பு

1910 ஜூன் மாதம். ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரம். உலக மிஷனரி மகாநாடு. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் அசரியா.

அவரைப் பேச அழைத்தார்கள். நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் இருக்கலாம். நன்றி சொன்னார். ஆனால் அதோடு நிற்கவில்லை.

வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியனுக்கும் இடையே உள்ள உறவு சரியில்லை என்றார். ஒரே ஊரில் ஒன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவதுகூட அபூர்வம் என்றார். மிஷனரி எஜமானாக இருக்கிறார், சம்பளம் கொடுக்கிறவராக இருக்கிறார், சிநேகிதராக இல்லையே என்பது அவர் பேச்சின் சாரம். உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்குச் சிநேகிதர்கள் தேவை என்று வேண்டினார்.

சிலர் கை தட்டினார்கள். சிலருக்கு முகம் சிவந்தது. இந்தியாவில் வேலை செய்த சில மிஷனரிகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழைத்துவந்து மேடை கொடுத்தால் இப்படியா பேசுவது என்று முணுமுணுத்தார்கள்.

ஆனால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலான பிறகும், அந்த மகாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அசரியாவின் பேச்சை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில், செயின்ட் பால் பேராலயத்தில், அவர் தோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் சபை

இப்போதுதான் உண்மையான சோதனை. பிஷப் ஆகிவிட்டார். ஆனால் யாருக்குப் பிஷப்? அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பைச் சேர்ந்த ஏழைக் கூலி விவசாயிகள். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள். கிணற்றில் நீர் எடுக்கக்கூட உரிமை இல்லாதவர்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள்.

இவர்களிலிருந்து தலைவர்கள் வருவார்களா? வருவார்கள் என்று நம்பினார் அசரியா.

கிராம உபதேசியார்களுக்கும் குருமார்களுக்கும் தோர்ணக்கலில் பயிற்சி வைத்தார். பாடம் தெலுங்கில். படிக்க வருகிறவன் தனியாக வர வேண்டாம், மனைவியையும் அழைத்து வரட்டும் என்றார். மனைவிமார்களுக்கும் வகுப்பு நடந்தது. அன்பு அம்மாள் அதில் முன்னின்றார். ஏன் இந்த ஏற்பாடு? கிராமத்துப் பெண்களிடம் போய்ப் பேசக் கூடியவர் உபதேசியாரின் மனைவிதானே! வீட்டில் பாதி மட்டும் படித்தால் ஊரில் பாதிதான் விழிக்கும்.

படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டும் கதையும் நாடகமும் பாடப் புத்தகம் ஆயின. கேட்டார்கள், மனப்பாடம் செய்தார்கள், அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள். புதிதாகச் சபையில் சேர்ந்தவனும் பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது பிஷப்பின் சட்டம். கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

குடிப்பழக்கத்தை விடுங்கள், சண்டையைப் பஞ்சாயத்தில் தீருங்கள், குடியிருப்பைச் சுத்தமாக வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். மாலாவும் மாதிகாவும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்றார். இது எளிதில் நடக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு இருந்தது. அதோடு அவர் கடைசிவரை போராட வேண்டியிருந்தது.

1939 ஜனவரி 6-ந் தேதி தோர்ணக்கல் பேராலயம் திறக்கப்பட்டது. லண்டன் கோயிலைப் பார்த்துக் காப்பியடித்த கட்டடம் அல்ல அது. நம் நாட்டுக் கோயில்களின் சாயலும், மசூதியின் கும்மட்டமும் சேர்ந்தது. நம் மண்ணில் முளைத்தது நம் முகத்தோடு இருக்கட்டும் என்று பிஷப் விரும்பினார்.

காந்தியடிகளும் பிஷப்பும்

அசரியாவை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 1930-களில் காந்தியடிகள் மதமாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஏழைகளுக்குச் சேவை செய்யுங்கள், ஆனால் மதம் மாற்றாதீர்கள் என்பது அவர் கட்சி. தன் மதத்தைத் தானே தேர்ந்துகொள்ள ஏழைக்கும் உரிமை உண்டு என்பது அசரியாவின் கட்சி. இருவருக்கும் கடைசிவரை இதில் ஒற்றுமை ஏற்படவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்குச் சட்டசபையில் தனித் தொகுதி தருகிறோம் என்று வெள்ளை அரசு சொன்னபோது, அது வேண்டாம் என்றவர் இதே அசரியா. பிரிந்து நின்றால் மற்றவர்களுக்கு அந்நியர் ஆகிவிடுவோம் என்று அவர் நினைத்தார்.

பயணம் போகிறவர்களுக்கு

இந்தக் கதையிலிருந்து, கற்றுக் கொடுக்கப் பயணம் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது.

போகிற ஊரின் மொழியில் நாலு வார்த்தையாவது பேச வேண்டும். சேரங்கோடு போன்ற ஊரில் தமிழும் மலையாளமும் புழங்கும். பணியர், காட்டுநாயக்கர் பேச்சும் உண்டு. மேடையில் ஒரே மொழியில் முழங்கிவிட்டுப் போனால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

அந்த ஊர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நம் செலவில் விருந்து வைப்பது சுலபம். அவர்கள் வீட்டுக் கஞ்சியைக் குடிப்பதில்தான் சமத்துவம் இருக்கிறது. எடின்பரோவில் அசரியா கேட்டது அதைத்தான்.

பணம் கொடுப்பதில் ஜாக்கிரதை வேண்டும். வெளியார் பணத்தில் ஓடும் காரியம் அந்தப் பணம் நின்றதும் நிற்கும். பிடியரிசியில் ஓடுவது அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

முடிவாக, யாரைத் தயார் செய்தோம் என்று பார்க்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து ஆங்கிலம் பேசுகிறவரையா? அல்லது பின்னால் நின்று கேட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணையா? ஊர் நிலவரம் தெரிந்தவர் அவள்தான். நாளைக்கு அங்கே இருக்கப் போகிறவரும் அவள்தான்.

இது சபைக்கு மட்டும் சொன்னது அல்ல. கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், மகளிர் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1945 ஜனவரி முதல் தேதி பிஷப் அசரியா தோர்ணக்கலில் காலமானார். அப்போது அவருடைய அத்தியட்சாதீனத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இந்தியக் குருமார்கள் வேலை செய்தார்கள். தென்னாட்டுச் சபைகளை ஒன்று சேர்க்க அவர் 1919-இலிருந்து பாடுபட்டார். அது நிறைவேறியதைப் பார்க்க அவர் இல்லை. 1947 செப்டம்பர் 27-ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

ஆள் போய்விட்டார். வேலை நிற்கவில்லை. நல்ல தலைவரை அறிய இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?